பழுப்பேறிய பவளம்

"பவளமெல்லாம் செத்துக்கிட்டிருக்கு. நான்தான் விஷம் வெச்சேன்னு மாமா சொல்றார்" என்றாள் அந்தப் பெண், உள்ளே வந்து உட்காராமலேயே.

கடல்நீர்த் தொட்டிகளுக்கு வரும் சீக்கைக் கண்டுபிடிப்பதுதான் அவள் தேடி வந்தவரின் தொழில். தொட்டி டாக்டர் என்றே அவருக்குப் பெயர். கூடவே திரிபவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். விஷம் என்ற சொல்லைக் கேட்டதும் மச்சானுக்குத் தூக்கம் பறந்துவிட்டது. பாவம், இதுவரை அவர் பார்த்த குற்றவாளிகள் எல்லாம் பழுதான மோட்டாரும் அழுகிப்போன தீனியும்தான்.

அவளுடைய மாமனார் பஸ் டிரைவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிதான் அவருக்கு உயிர். மருமகள் வேண்டுமென்றே சோப்புத் தண்ணீரைக் கலந்துவிட்டாள் என்று வெளியூரில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிட்டார்.

"சாயங்காலம் என் வீட்டுக்காரர் வர்றார். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டுக் குழந்தையை இங்கேயே வெச்சுக்குவாங்களாம்" என்றாள்.

அந்த வீட்டுக் கூடத்தில் நுழைந்ததுமே மச்சான் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். தொட்டியின் மேல் தொங்கிய விளக்கு அப்படி எரிந்தது. பவளக் கிளைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தன. மாமனார் மட்டும் கண்ணைச் சுருக்காமல், மூக்கு தொட்டியில் இடிக்க நின்றார்.

"பாருங்க, எல்லாம் பழுப்பேறிப் போச்சு. என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன், தேறல. இவ கைவரிசை இல்லாம வேற என்ன?"

இதற்குள் மச்சான் சமையலறைக்குள் புகுந்து ஒரு சோப்புத்தூள் டப்பாவோடு வெற்றிவீரனாகத் திரும்பினார். "ஆதாரம் கிடைச்சிடுச்சு மாப்பிள்ளை!"

"நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கு மச்சான். நீங்க தொட்டதில்லை, அதான் தெரியல."

டாக்டர் வெப்பமானியைப் பார்த்தார். சொட்டு மருந்து விட்டுத் தண்ணீரைச் சோதித்தார். எதிலும் குறையில்லை. பிறகு தரையில் முட்டி போட்டுக் கிளைகளின் அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அங்கே ஊதா நிறம் கெடாமல் இருந்தது. பாறை இடுக்கில் இரண்டு இறால்கள் துள்ளி ஓடின.

"இந்த விளக்கை யார் கூட்டிக் குறைக்கறது?"

"நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன்" என்றார் மாமனார்.

டாக்டர் எழுந்து விளக்கின் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினார். கூடம் முழுக்க இதமான நீல ஒளி பரவியது. அப்பாடா என்று மச்சான் கண்ணை மறைத்திருந்த கையை எடுத்தார்.

"ஏன் லைட்டை அணைச்சீங்க?" என்று கேட்டார் மாமனார்.

மருமகள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள்.

"அணைக்கலீங்க, எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "விஷம்னா முதல்ல சாகறது இறால்தான். அது ஓடி விளையாடுது. தண்ணி கெட்டிருந்தா பவளம் முழுசா வெளுக்கணும். இங்க விளக்கைப் பார்த்த பக்கம் மட்டும்தான் வெளுத்திருக்கு, நிழல்ல இருந்தது தப்பிச்சிடுச்சு. அதைக் கொன்னது வெளிச்சம்."

"ஆனா பவளம் பழுப்பாச்சுன்னா வெளிச்சம் கூட்டணும்னுதானே சொல்லுவாங்க?" மாமனாரின் குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. ஆனா பழுப்பு உங்க கண்ணுல இருக்குங்க. புரை விழுந்தா எல்லாமே பழுப்படிக்கும், நீலம் முதல்ல மங்கிடும். நல்லா இருந்த பவளத்துக்கு வைத்தியம் பண்ணிப் பண்ணி எரிச்சிட்டீங்க." டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "பஸ் ஓட்டறப்ப எப்படித் தெரியுது?"

மாமனார் பிடிமானம் தேடி நாற்காலியில் உட்கார்ந்தார். "பொழுது சாய்ஞ்சா குத்துமதிப்புதான். போன வாரம் ஒரு பொண்ணு, சைக்கிள்ல, பின்னாடி குழந்தை. கண்டக்டர் கத்தினப்புறம்தான் பார்த்தேன்."

மச்சான் கையில் இருந்த டப்பாவைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்கலாமே?" என்றார் டாக்டர்.

"கண்ணுன்னு சொன்னா இனி ஸ்டியரிங்கையே தொட விடமாட்டாங்க." மாமனார் மருமகளிடம் திரும்பினார். "தப்பு என்னோடதுன்னு அவன்கிட்ட நானே சொல்லிடறேன்மா. நீ இங்கேயே இரு, குழந்தை உன்னோட. இந்தக் கண்ணு விஷயம் மட்டும் வெளிய போக வேண்டாம். மணியாச்சு, நான் டூட்டிக்குக் கிளம்பணும்."

அவள் கேட்டு வந்தது எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதும். தலையாட்டிவிடும்மா என்று மச்சானுக்கே ஒரு நொடி தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அவள் உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். போனை எடுத்தாள்.

"என் பையன் என் பேச்சைத்தான் கேப்பான், ஞாபகம் வெச்சுக்கோ" என்று மாமனார் எழுந்து கத்தினார். "அந்த நம்பரைப் போட்டேன்னா நீ எனக்கு மருமகளே இல்ல!"

இருந்தும் அவள் எண்களை அழுத்தினாள்.

"டிப்போவா? உங்க டிரைவரோட மருமகள் பேசறேன்" என்றாள்.