காலியாக விட வேண்டிய கட்டம்

அருங்காட்சியகத்தின் அடித்தளத்தில் பறவைப் பேன்களுக்கென்றே ஓர் அறை உண்டு. "பேன் பாக்கவா இவ்வளவு படிச்சே?" என்று என் தங்கை கேட்காத நாளில்லை. அறைக்குச் சன்னல் கிடையாது. பூச்சி உருண்டை நெடி, பழைய பிசின் நெடி, சுவருக்குள் எங்கோ ஓடும் காற்றுக் குழாயின் முனகல். திங்கட்கிழமை காலை உள்ளே போய் விளக்கைப் போட்டபோது எனக்குப் பயமெல்லாம் இல்லை. வேலை மலைபோல் குவிந்து கிடந்ததில் எரிச்சல்தான் இருந்தது.

ஓர் இனத்துக்கு முதன்முதலாகப் பெயர் வைத்தவர் எந்த உயிரைப் பார்த்து வைத்தாரோ, அதுதான் மூல மாதிரி. நூறு வருடப் பழமையான அப்படிப்பட்ட பேன்கள் கண்ணாடித் தகடுகளில், பிசினுக்குள் பதிந்து இழுப்பறைகளில் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியில் பார்த்து, பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டு, கணினியில் ஏற்றுவது என் வேலை. அதில் முக்கியமான கட்டம் 'ஓம்புயிர்'. அந்தப் பேன் யார் உடம்பில் வாழ்ந்தது என்பதை அதில் எழுத வேண்டும்.

நான்காம் இழுப்பறையில் அந்தத் தகடு இருந்தது. உள்ளே பதினொரு பேன்கள். பதிவேட்டில் ஓம்புயிர் இடத்தில் வெறும் கோடு. எனக்கு முன்பு வந்த ஐந்து பேர், ஐந்து மையில், அதே கோட்டின் மேல் மறுபடி மறுபடி இழுத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு வரி: 'காலியாகவே இருக்கட்டும்.'

சரியான சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன்.

கணினி ஒத்துக்கொள்ளவில்லை. கோடு போட்டாலும் ஏற்காமல், பெயர் வேண்டும் என்று அடம்பிடித்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம் ஒன்று உண்டு. அப்போதைக்கு மனதில் வந்ததைத் தட்டிவிட்டு, பிறகு திருத்திக்கொள்வோம். காலையில் அழுதுகொண்டே பள்ளிக்குப் போன என் ஆறு வயது மகள் மனதிலேயே நின்றாள். 'பாப்பா' என்று தட்டினேன்.

சேமித்துக்கொண்டது.

காற்றுக் குழாயின் முனகல் நின்றது.

எதிர் மேசையில் விரிசல் விட்ட தகடுகளைச் சரிசெய்பவரை நாங்கள் பிசின் அண்ணன் என்போம். அவர் மெல்ல எழுந்து வந்தார்.

"அந்தக் கட்டத்துல என்னம்மா போட்டே?" என்று கேட்டார்.

"சும்மாதாண்ணே. அப்புறம் மாத்திடுவேன்."

"யாரு பேரு?"

"என் பொண்ணை நாங்க கூப்பிடுறது."

அவர் தகட்டை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். பிசினில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பதினொரு குழிகள், ஒவ்வொன்றும் ஒரு பேனின் வடிவத்தில்.

பேன்கள் இல்லை.

எனக்கு உயிரே போய்விட்டது. பெயரை அழித்தேன், அழிந்த இடத்தில் மறுபடி அதே பெயர் வந்து நின்றது. கடைசியில் அந்தப் பதிவையே மொத்தமாக நீக்கிவிட்டு, பையை அள்ளிக்கொண்டு பள்ளிக்கு ஓடினேன்.

பாப்பா வாசலில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

வீட்டில் வெள்ளைத்தாளை விரித்து வாரினேன். பதினொன்று விழுந்தன. உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அகன்ற தலை, வெளிறிய உடம்பு. மனிதப் பேன் இல்லை. எல்லாவற்றையும் எரிசாராயத்தில் போட்டுக் கொன்றேன். இந்தப் பேன் இரத்தம் குடிக்காது, இறகைத்தான் தின்னும், இறகில்லாத உடம்பில் நாலைந்து நாளைக்கு மேல் தாங்காது. மிச்சம் மீதி இருந்தாலும் தானாகச் செத்துவிடும். இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

ஒரு வாரம் போயிற்று. இன்று காலை வாரியபோது எண்ண முடியவில்லை.

எல்லாம் உயிரோடு இருந்தன. கொழுத்திருந்தன.

எதைத் தின்று?

குளிக்க வைப்பதுபோல் அவள் சட்டையைக் கழற்றித் திருப்பினேன். இரண்டு தோள்பட்டைகளுக்கும் கீழே, தோலைத் துளைத்துக்கொண்டு வரிசையாகச் சாம்பல் குருத்துகள். நுனி விரியத் தொடங்கியிருந்தது. இடுக்கியை எடுத்து ஒன்றைப் பற்றினேன்.

பாப்பா அழவில்லை. திரும்பி, என் கையை மெதுவாக விலக்கினாள்.

"பிடுங்காதம்மா," என்றாள். "அப்புறம் அதுங்க எதைத் திங்கும்?"