போர்த்தி வைத்த சோறு

டிசம்பரில் அந்த வீட்டில் அப்ப மா இரண்டு நாளுக்குள் புளித்ததே இல்லை. பொயிலருக்குப் பக்கத்தில் வைத்தாலும், அவண் அடுப்புக்குள் லைட்டைப் போட்டு வைத்தாலும், வந்து குடியேறிய கோலியர்ஸ் வுட்டின் குளிர் மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிறு காலை மா ஓரிரவில் பொங்கி, மூடியைத் தள்ளி, சட்டியின் விளிம்பில் வெள்ளை மயிராக நின்றது.

றொசாந்திக்குக் காரணம் தெரியும். ஆற்றோரத்தில், சாக்கே என்ற ஜப்பானிய அரிசி மது செய்யும் சின்ன வடிசாலையில் அவளுக்கு வேலை. அதை நடத்தும் மொரிட்டா, ஜப்பானில் பனி மூடும் மலைக் கிராமமொன்றில் இருந்த தன் குடும்பத்து வடிசாலையைப் பிரித்து, அதன் தேவதாருப் பலகைகளை மட்டும் கப்பலில் கொண்டுவந்து, இங்கே ஓர் அறையின் உட்சுவராக அடித்திருந்தார். பலகையில் இருக்கும் பூஞ்சணம் அவித்த அரிசியில் இறங்கும். அரிசி இனிக்கும். பிறகுதான் மது. அந்தச் சோற்றைத் துணியால் போர்த்தி, நாலு மூலையையும் உள்ளே செருகி, குளிர விடாமல் பார்ப்பது அவள் பொறுப்பு. அறையிலிருந்து ஒரு பருக்கைகூட வெளியே போகக் கூடாது என்று சேர்ந்த அன்றே மொரிட்டா சொல்லியிருந்தார். காட்டுக்குள் கொட்டிய சோற்றைத் தின்ற மான்களைப் பற்றி ஏதோ தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை அவள் ஒரு கைப்பிடி எடுத்து வந்து மாவில் கலந்திருந்தாள். மா புளிக்கட்டும் என்று.

வெள்ளையை அகப்பையால் வழித்தெறிந்துவிட்டு அப்பம் சுட்டாள். பூசை முடிந்து வந்த புருஷன் கொட்வின் ஒன்பது அப்பம் சாப்பிட்டான். மயிர் கண்ணுக்குள்ளேயே நின்றதால் அவள் ஒன்றும் தொடவில்லை.

"உன்ர ஜப்பான்காரனுக்குக் கோயில் கட்டோணும்," என்றான். "அம்மாக்கே இப்பிடி வராது. அவவிட்டச் சொல்லிப்போடாத."

செவ்வாய்க்கிழமை, குளிருது என்று அவன் ஷிப்டுக்குப் போகவில்லை. ஹீட்டரைக் கூட்டச் சொன்னான். கறி வேண்டாம், வெறுஞ்சோறு போதும் என்றான். தலையணையில் வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. நெற்றியில் முத்தமிட்டவளின் உதடு ஒட்டிக்கொண்டது. வியர்வை இனித்தது. குளியலறைக்கு ஓடி, வாயைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

புதன் மதியம் மொரிட்டாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபிக்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்டார். குளிருது என்கிறாரா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவா என்று அவள் கேட்டபோது, முகத்தைப் பார்க்காமல், வெளிக்குளிர் பட்டால் இரண்டும் சாகும் என்றார்.

இரண்டும். கொட்வினும், அவனில் பூத்ததும்.

வீட்டுக்கு ஓடினாள். படிக்கட்டிலேயே வடிசாலை அறையின் அதே வாசம்: வறுத்த கஷ்கொட்டை, அதற்கடியில் பழைய மரம். படுக்கையறைக் கதவைத் திறந்ததும் ஈரச் சூடு முகத்தில் அப்பியது. ஜன்னல் கண்ணாடி வியர்த்து வழிய, கட்டிலிலிருந்து நுரை அடங்குவதுபோலச் சின்னச் சின்ன வெடிப்புச் சத்தம் விடாமல் கேட்டது.

"கொட்வின்?"

"ம்."

போர்வையை விலக்கினாள்.

மார்பு முழுக்க வெள்ளை. தோல் இல்லை. பருக்கை பருக்கையாகப் பிரிந்த சதை. ஒவ்வொரு பருக்கையிலும் பஞ்சு. மூச்சு இழுக்கும்போது பஞ்சு சாய்ந்தது. விடும்போது நிமிர்ந்தது. விலாவைத் தொட்டாள். விரல் வெதுவெதுப்பாக உள்ளே போனது.

ஃபோன் மற்றக் கையில் இருந்தது. ஒன்பதை அழுத்தினாள். இன்னொரு ஒன்பது. ஆம்புலன்ஸ் வரும். கதவு திறக்கும். குளிர் வரும்.

அவன் வாயைத் திறந்தான். நாக்கிலும் மயிர்.

"குளிருது, றொசா. போர்த்து விடு."

ஃபோன் விழுந்தது. கைகள் பழகிய வேலையைச் செய்தன. துணியை இழுத்து மூடின. ஒரு மூலை. அடுத்தது. நாலும் உள்ளே செருகியாயிற்று. துணிக்கடியில் அது திருப்தியாக முனகியது.

விரல் பிசுபிசுத்தது. துடைக்கப் போனவளின் மூக்கில் இனித்த சோற்றின் வாசம் ஏறியது.

வாயில் எச்சில் ஊறியது.