ஐந்து நிமிடமும் ஒரு கார்த் திறப்பும்

கேக்கில் ஏழு மெழுகுதிரிகளும் குத்தியாயிற்று. ரூஜ் பகுதியில் இருக்கும் அட்சயாவின் வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. வெளியே டிரைவ்வேயிலும் அதே கதைதான், காருக்குப் பின்னால் கார். பிறந்தநாள்காரன் பிரவீனன், அட்சயாவின் தம்பி, கத்தியைப் பிடித்தபடி பத்து நிமிடமாக நிற்கிறான்.

"எப்ப அம்மா வெட்டுறது?"

"பொறு, முதல்ல படம் எடுக்கோணும்," என்றார் அம்மா ரதி.

அப்போது அட்சயாவின் பக்கத்தில் நின்ற சுபாங்கி திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கண்கள் மேலே செருகின. தலை தரையில் மோத, தடாலென்று விழுந்தாள். உடம்பு விறைத்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

யாரோ வீரிட்டார்கள். ஆனால் அட்சயா முதலில் பார்த்தது சுவர் மணிக்கூட்டைத்தான். நாலு மணி பத்து நிமிடம்.

சுபாங்கி அவளுடைய வகுப்புத் தோழி. ஒருநாள் பள்ளிக்கூட பஸ்ஸில் வைத்து அவள் மெல்லச் சொன்னாள். "எனக்குச் சிலவேளை வலிப்பு வாறது. வந்தா மணியைப் பார். அஞ்சு நிமிசம் தாண்டினாலோ எங்கயும் அடிபட்டாலோ நைன் வன் வன்னுக்கு எடுத்து அம்புலன்ஸைக் கூப்பிடு. என்னை அமத்திப் பிடிக்க விடாதை. வாய்க்குள்ள ஒண்டும் வைக்க விடாதை." பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "ஆக்கள் சுத்தி நிண்டு என்னைப் பாக்கிறதுதான் எனக்குப் பெரிய பயம்."

"நான் ஒருத்தரையும் பாக்க விடமாட்டன். சத்தியம்," என்று அட்சயா சொல்லியிருந்தாள். சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

இப்போது கூட்டமே சுற்றி நின்றது. ஒரு அன்ரி கரண்டியோடு ஓடி வந்தார். "நாக்கைக் கடிச்சுப்போடுவாள்!" இரண்டு பேர் சுபாங்கியின் கைகளைப் பிடித்து அழுத்தினார்கள்.

"வேண்டாம்," என்றாள் அட்சயா. அது அவளுக்கே கேட்கவில்லை.

பிறகு மூச்சை இழுத்துக் கத்தினாள். "அவளைப் பிடிக்காதேங்கோ! வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதேங்கோ! அம்மா, தலை அடிபட்டிட்டுது, நைன் வன் வன் எடுங்கோ!"

கைகள் விலகின, கரண்டி நின்றது. அட்சயா கதிரைகளைத் தள்ளிவிட்டு, தன் குளிர் ஜாக்கெட்டை மடித்துத் தோழியின் தலைக்குக் கீழே வைத்தாள்.

ஆனால் அப்பாவின் நண்பர் இரத்தினவேல் அங்கிள் யார் சொல்லையும் கேட்கிற ஆள் இல்லை. கார்ச் சாவி தொங்கும் கொத்துத் திறப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். "இரும்பைக் கையில குடுத்தா நிண்டிடும். நாங்கள் ஊரில காணாத வலிப்போ, பிள்ளை?"

அவரோடு வாதாட நேரமில்லை. அட்சயா ஜன்னல் வழியே பார்த்தாள். டிரைவ்வேயின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கார் நின்றது.

"அங்கிள், உங்கட கார்தான் வழியை மறிக்குது. அம்புலன்ஸ் எங்க நிக்கும்? உங்கட திறப்பு இப்ப அங்கதான் வேணும்!"

அங்கிள் திறப்பைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அடுத்த நொடி, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பாய்ந்து ஓடினார்.

"எத்தினை மணிக்குத் தொடங்கினதெண்டு கேக்கினம்!" என்றார் அம்மா, போனைக் காதில் வைத்தபடி. மற்றவர்கள் அப்போதுதான் மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

"நாலு பத்து," என்றாள் அட்சயா.

சிறுவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். ஒருவன் படம் எடுக்கப் போனையும் தூக்கிவிட்டான்.

"போனை வை! எல்லாரும் அங்கால திரும்பி நில்லுங்கோ. பிரவீனன், நீயும்தான்."

பிள்ளைகள் முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்களும் திரும்பினார்கள்.

நாலு பதின்மூன்று. இழுப்பு நிற்கவில்லை. நாலு பதினான்கு. மணிக்கூட்டின் முள் நகரவே மாட்டேன் என்றது. "நிண்டிடு, நிண்டிடு," என்று அட்சயா முணுமுணுத்தாள்.

நாலு பதினைந்து ஆகப் போகிற நேரம், சுபாங்கியின் கைகள் தளர்ந்தன. இழுப்பு நின்றது. போனில் சொன்னபடி அம்மாவும் அட்சயாவும் அவளை மெதுவாக ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தார்கள். நெஞ்சு ஏறி இறங்கியது. மூச்சு வந்துகொண்டிருந்தது.

"தண்ணி குடுப்பமோ?" என்று கேட்டார் கரண்டி அன்ரி.

"இப்ப வேண்டாம் அன்ரி. நல்லா முழிக்கட்டும்."

அம்புலன்ஸ் தடையில்லாமல் வாசல்வரை வந்தது. அங்கிள் வீதியில் நின்று இரண்டு கையையும் ஆட்டி அதை உள்ளே விட்டார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதுதான் சுபாங்கிக்குத் தெளிவு வந்தது. கண்கள் கலங்கின. "எல்லாரும் பாத்திட்டினமோ?"

"சுத்திப் பார்," என்றாள் அட்சயா.

சுற்றிலும் முதுகுகள்தான் தெரிந்தன. ஒருவரும் இன்னும் திரும்பவில்லை.

"நான் கேக்கை மட்டும்தான் பாத்தனான்," என்றான் பிரவீனன், சுவரைப் பார்த்தபடியே.

சுபாங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு ஒரு துண்டு வை. ரோசாப்பூ இருக்கிற துண்டு."

அன்று கேக் ஏழு மணிக்குத்தான் வெட்டப்பட்டது. ரோசாப்பூத் துண்டுக்குப் பக்கத்தில் இரத்தினவேல் அங்கிள் போனபோது, பிரவீனன் கத்தியோடு குறுக்கே வந்து நின்றான்.