வேரோடு பிடுங்கும் நாள்

சாயங்காலம் ஆறு மணிக்கு வயலில் பயற்றஞ்செடிகள் இலைகளை மடிக்கும். அது புதிதல்ல. அன்று ஜன்னலோரம் படம் வரைந்துகொண்டிருந்த மகளின் விரல்களும் அதே நேரத்தில் மெல்ல மடிந்தன. பென்சில் தரையில் உருண்டது. மறுநாளும் ஆறு மணிக்கு மடிந்தன. தூக்கம் வந்திருக்கும் என்று அம்மா தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி உருக்கிய ஆலையின் நிலம். ஆலை மூடியும் மண்ணில் ஈயம் போகவில்லை. அதை எடுக்கத்தான் பயறு விதைத்திருந்தார்கள். பத்து வருடம் ஆலையில் உழைத்த அவளுக்கு, இப்போது விதையில் நுண்ணுயிர்ப் பொடி பூசும் வேலை. ஈயம் எங்கே அதிகமோ அங்கே வேர் தேடிப்போகும். வேரில் பொடி முடிச்சு முடிச்சாகத் திரண்டு ஈயத்தைப் பிடித்துவைக்கும். முடிச்சைப் பிளேடால் கீறிப் பார்ப்பாள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. காய் பிடிக்குமுன் ஒரு வேர் விடாமல் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

அவள் வேலை உடுப்பில் ஒட்டிவந்த தூசியால் ஏழு வயது மகளின் ரத்தத்திலும் ஈயம். எழுத்துகூட மறந்துபோயிற்று. எலும்பில் இறங்கியதை எடுக்க வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மண்ணைச் சுத்தம் செய்கிற பொடி மகளைச் செய்யாதா? பெற்ற வயிறு போட்ட கணக்கு அது. விரல்கள் மடியத் தொடங்கும் முன்பிருந்தே, தினமும் பாலில் ஒரு சிட்டிகை கலந்து கொடுத்துவந்தாள்.

அடுத்த பரிசோதனையில் ஈயம் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. பஸ்ஸில் வழியெல்லாம் மகளை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டே வந்தாள். நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அப்புறம் அந்த வாசனை வந்தது. படுக்கை விரிப்பில், தலைமுடியில், கழற்றிப்போட்ட பாவாடையில் ஈர மண் வாசனை. குளிப்பாட்டக் குளிப்பாட்ட அது கூடிக்கொண்டே போனது. பிள்ளை சாப்பாடு கேட்பதை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கேட்டாள், வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு காலையில் தலை பின்னும்போது பிடரியில் பயறளவு முடிச்சு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. கீழே இன்னொன்று. முதுகெலும்பு நெடுக.

எண்ணவில்லை. எண்ணப் பயம். பிளேடை எடுத்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லம்மா."

ரத்தம் வரவில்லை. உள்ளே இளஞ்சிவப்பு.

அன்றைக்கே பொடியை நிறுத்தினாள். முடிச்சுகள் நிற்கவில்லை. போன வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவோடு நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. "ஈயம் துளிகூட இல்லம்மா. உங்க பொண்ணு பிழைச்சுட்டா," என்றார் டாக்டர். போனைக் காதில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோரம் காலியாக இருந்தது. கதவு திறந்துகிடந்தது.

வயலில் அன்று பிடுங்கும் வேலை. பிடுங்காத கடைசி வரிசையில், கணுக்கால்வரை மண்ணுக்குள் மகள் நின்றாள்.

"காலத் தூக்க முடியலம்மா. பசிக்குது."

அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை. மறுமுனையிலிருந்து ஆட்கள் பிடுங்கிக்கொண்டே வந்தார்கள். பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். மண்ணுக்குள் பொடுபொடுவென்று அறும் சத்தம். பழகிய சத்தம். மகளின் வாய் திறந்தது; குரல் வரவில்லை. பிறகு மொத்தமாக மேலே வந்தாள்.

பாதம் இல்லை. வெள்ளை வேர்கள். கொத்துக் கொத்தாக முடிச்சுகள். அறுந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பு.

மணி ஆறு. அம்மாவின் கழுத்தைச் சுற்றியிருந்த மகளின் விரல்கள் மடிந்தன. இமைகள் மடிந்தன.

"அக்கா, அதையும் கொண்டாங்க. தீ வெச்சாச்சு," என்று புகைக்கு அப்பாலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

அவள் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பெற்றவளின் எலும்பிலும் பத்து வருட ஈயம். இடுப்பில் ஈரமாக ஏதோ பட்டது. ஒரு வேர் நுனி. மெதுவாக, விலா எலும்புகளுக்கு நடுவே, தடவித் தடவி இடம் தேடியது.