பஸ் கூரையில் ஓர் ஆட்டுக்குட்டி

“என்னையும் மேல கட்டிடுவீங்களா?”

பல வருடங்களுக்கு முன், தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸில் ராஜமேரி என்ற சிறுமி இப்படிக் கேட்டாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் தெரியுமா?

அன்று காலை ராஜமேரி, அம்மா ஆரோக்கியம்மாளோடு தர்மபுரியில் பஸ் ஏறினாள். அப்பாவுக்கு ஓமலூரில் வேலை கிடைத்திருந்தது. வீட்டுச் சாமான்களெல்லாம் முன்பே போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரு துணி மூட்டை, ஒரு கூடை, கூடைக்குள் சுட்டி.

சுட்டி ஓர் ஆட்டுக்குட்டி. உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் மட்டும் பொட்டு வைத்தாற்போல வெள்ளை. தாய் ஆடு செத்துப்போனதால், ராஜமேரிதான் புட்டியில் பால் கொடுத்து அதை வளர்த்தாள். அவள் எங்கே போனாலும் பின்னாலேயே வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசல் வரைக்கும் வந்து, பூசை முடியும்வரை வெளியே காத்திருக்கும்.

ராஜமேரிக்குப் பக்கத்தில் வெங்கடாசலம் என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குப் போகிறவர். பளிச்சென்ற வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கூடைக்குள்ளிருந்து சுட்டி தலையை நீட்டி “மே” என்றதும் அவர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார்.

“ஏப்பா நஞ்சப்பா, இது மனுசங்க உக்கார்ற எடமா, ஆட்டுப் பட்டியா? வழியில அசிங்கம் பண்ணி வெச்சா யாரு பொறுப்பு?”

கண்டக்டர் நஞ்சப்பன் வந்து பார்த்தார். மடியிலேயே வைத்துக்கொள்கிறேன், அசிங்கம் செய்தால் நானே துடைத்துவிடுகிறேன் என்று ராஜமேரி கெஞ்சினாள். அம்மாவும் சொல்லிப் பார்த்தாள்.

“ஆடு, கோழி எல்லாம் மேலதான் பாப்பா. பயப்படாத, நல்லாக் கட்டிடறேன்” என்று சொல்லி, நஞ்சப்பன் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க ஏணியில் ஏறிவிட்டார். மூட்டைகளுக்கு நடுவே கூடையை வைத்துக் கயிற்றால் கட்டினார்.

பஸ் கிளம்பியது. ராஜமேரி ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “மே” என்று சத்தம் கேட்டால் அவளுக்கு மூச்சு வரும்.

கணவாய் வந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எதிரே லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. ஒவ்வொரு வளைவிலும் பஸ் இந்தப் பக்கம் சாய்ந்து, பிறகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அம்மா கண்ணை மூடி ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள். ராஜமேரியின் வயிற்றுக்குள் ஏதோ சுழன்றது.

ஒரு பெரிய வளைவு. கூரையில் தடதடவென்று எதுவோ உருண்டது. அதற்குப் பிறகு “மே” சத்தம் கேட்கவே இல்லை.

“நிறுத்துங்க” என்று கத்தத்தான் ராஜமேரி வாயைத் திறந்தாள். ஆனால் வந்தது வேறு. காலையில் தின்ற இட்லி முழுவதும் வெங்கடாசலத்தின் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

டிரைவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். வெங்கடாசலம் வேட்டியையே பார்த்தார். அசிங்கம் செய்கிறவர்கள் எங்கே போக வேண்டும் என்றுதான் ராஜமேரிக்குத் தெரியுமே. அவள் மெதுவாக எழுந்து நின்றாள்.

“என்னையும் மேல கட்டிடுவீங்களா?”

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்து கேட்டாள்.

வெங்கடாசலத்தின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். அவள் வாயைத் துடைத்தார், கன்னத்தைத் துடைத்தார். வேட்டியை அதற்குப் பிறகுதான் துடைத்தார்.

“யாரு கண்ணு உன்னை மேல ஏத்துவாங்க?” என்றார். பிறகு திரும்பி, “நஞ்சப்பா, அந்தக் குட்டிய எறக்கிட்டு வா” என்றார்.

நஞ்சப்பன் ஏணியில் ஏறியவர், “ஐயோ சாமி” என்றார். கயிறு தளர்ந்து, கூடை கூரையின் ஓரம்வரை சரிந்துவிட்டிருந்தது. விளிம்புக் கம்பிதான் அதைத் தாங்கி நின்றது. இன்னொரு வளைவு வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. கூடைக்குள் சுட்டி கத்தக்கூட முடியாமல் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அதற்குப் பிறகு சுட்டி ராஜமேரியின் மடியில் பயணம் செய்தது. அசிங்கம் எதுவும் செய்யவில்லை. நஞ்சப்பன் பக்கத்தில் வந்து நின்றபோது, அவர் கையிலிருந்த டிக்கெட் புத்தகத்தில் ஒரு மூலையை மட்டும் கடித்துவிட்டது.

“டிக்கெட் வாங்காம வந்ததும் இல்லாம, டிக்கெட்டையே தின்னுதுங்க” என்றார் நஞ்சப்பன். முதலில் சிரித்தவர் வெங்கடாசலம்தான்.

மலையடிவாரத்தில், தொப்பூரில் பஸ் நின்றது. எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். அம்மா ராஜமேரிக்கு சோடா வாங்கப் போனாள். வெங்கடாசலம் வேட்டியை அலசக் கிணற்றடிப் பக்கம் போனார். அவருடைய துண்டு மட்டும் இருக்கைக்கு அடியில் சுருண்டு கிடந்தது. இனி எதற்கும் ஆகாது என்று போட்டுவிட்டார் போலிருக்கிறது.

ராஜமேரி அதை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சுட்டி பின்னாலேயே வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால், இன்ஜினுக்குத் தண்ணீர் எடுக்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றி, கல்லில் துண்டைத் துவைத்தாள். கறை போகும்வரை கசக்கினாள். இறுக்கிப் பிழிந்து, உதறி, அவருடைய ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போலத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வெங்கடாசலம் திரும்பி வந்தார். ஈரத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். ராஜமேரி வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துண்டைத் துவைத்தது யாரென்று, கடவுளைத் தவிர சுட்டிக்கு மட்டும்தான் தெரியும். அது கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது.