கல் அனுப்பிய அலை

"நிறுத்தாதீங்கண்ணே! இன்னும் ரெண்டு அடி!"

ஆய்வக மேடத்தின் குரலுக்கு, பம்ப்காரர் கைப்பிடியை மிதிக்காத குறையாக அழுத்தினார். எஃகு உருளைக்குள் எண்ணெய் முனகியது. அதன் நடுவில் ரப்பர் உறை மாட்டிய விரல் நீளக் கல். போன மாதம் இடிந்த சுரங்கத்திலிருந்து வந்தது. ஒரு முனையிலிருந்து அதிர்வை அனுப்பி, மறுமுனையை அது எப்போது எட்டுகிறது என்று பார்த்தால் கல்லில் அலை ஓடும் வேகம் தெரியும். அந்த வேகத்தை வைத்துத்தான், உள்ளே மாட்டியவர்களின் தட்டல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று கணக்கிட்டார்கள். மூன்று மணிக்கு விசாரணைக் குழு வருகிறது. சுரங்கம் இடிந்த அன்று அவள் கொடுத்த எண்ணே இன்றும் வரவேண்டும். வராவிட்டால் அவள் தொலைந்தாள்.

திரையில் அலை துள்ளியது.

அவள் இன்னும் பொத்தானைத் தொடவே இல்லை.

"உங்க மெஷின் என் சம்சாரம் மாதிரி மேடம், கேக்காமலே பதில் சொல்லுது."

சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை. சுரங்கத்தில் மாட்டிச் செத்த மூவரில் ஒருவன் அவர் தம்பி.

அனுப்பும் கம்பியைப் பிடுங்கி அதையும் திரையில் செருகினாள். இனி இரு முனைகளும் கேட்க மட்டுமே செய்யும். சூடேறிய எண்ணெயின் வாடை, மின்விசிறியின் கிறீச்சல், ஜன்னல் வழியே மேசைவரை நீண்டு கிடந்த பட்டப்பகல் வெயில், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அலை மட்டும் மறுபடி வந்தது. மூன்று துடிப்பு. மௌனம். மூன்று துடிப்பு. இரு முனைகளிலும் ஒரே கணத்தில்.

அப்படியானால் அது பிறப்பது கல்லின் நட்டநடுவில்.

பம்ப்காரர் திரையோடு இணைந்த ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டினார்.

டொக். டொக். டொக்.

"நாலு நாள் குழி வாசல்ல உக்காந்து கேட்டேனே… அதே தட்டு." அவர் குரல் உடைந்தது. "நூறு மீட்டர்னு சொல்லித் தோண்டினாங்க. வெறும் பாறை. இன்னும் நாப்பது மீட்டர் தள்ளி இருந்திருக்காங்க. எப்படி மேடம் தப்புச்சு?"

கைப்பிடியை யாரும் தொடவில்லை. அழுத்தமானியின் முள் ஏறியது.

டொக்டொக்டொக்.

"அன்னைக்கு எவ்வளவு அழுத்தத்துல அளந்தீங்க மேடம்?"

நிலத்தடியில் இருப்பதுபோல அழுத்தினால்தான் கல்லின் விரிசல்கள் மூடும், அலை வேகமெடுக்கும், தூரம் சரியாக வரும். தெரியும். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பம்ப் அடிக்க நீங்க இல்லண்ணே. நீங்க குழி வாசல்ல இருந்தீங்க." மேசையின் பக்கம் கை காட்டினாள். "மேசைல வச்சே அளந்துட்டேன். அழுத்தமே ஏத்தல."

தட்டல் நின்றது.

உருளையின் மூடி, உள்ளிருந்து, மெல்லத் திருகிக் கழலத் தொடங்கியது.