கொண்டைப்பாறைக்குப் போகாத திசைகாட்டி

"உன் வூட்டுக்காரன் வேணும்னே செய்யறவனாம்மா?"

ஏட்டு பச்சியப்பன் கேட்ட இந்தக் கேள்விக்கு ராணியம்மாள் உடனே பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அப்படியே மூடிக்கொண்டாள். லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்ற கணவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏட்டு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். காவல் நிலையத்திலிருந்து கிளம்பியவள் தர்மபுரியில் ராயம்மாள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றாள்.

ராயம்மாள் கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பேச்சு எந்த இடத்தில் வளைகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் சிக்கல் என்று வருகிறவர்கள் உண்டு. யார் வந்தாலும் மாடியில் குடியிருக்கும் குப்புராஜ் தன் சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு வந்து சேர்ந்துகொள்வான்.

"உட்காரும்மா."

"உட்கார முடியலீங்க. சாயங்காலம் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவாங்களாம். அந்தக் கிருஷ்ணப்பன் சாருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா கொலைக் கேசுன்னு சொல்றாங்க."

முந்தானையை முறுக்கியபடி நின்றுகொண்டே சொன்னாள். அவள் கணவன் பெரியண்ணன் வத்தல்மலைக்காரன். பேங்கில் வேலை பார்க்கும் ராஜப்பனும் கிருஷ்ணப்பனும் விடுமுறை நாட்களில் மலை ஏறுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை கொண்டைப்பாறைக்குப் போக அவனைத் துணைக்கு அழைத்தார்கள். மதியம் மேகம் இறங்கி வழி மறைந்தது. ராஜப்பனிடம் கையில் வைத்துப் பார்க்கும் திசைகாட்டி இருந்தது. கடைசியில் கிருஷ்ணப்பன் பள்ளத்தில் விழுந்து மண்டை உடைந்தது. பெரியண்ணன்தான் அவரை முதுகில் சுமந்து இறக்கினான். சேலம் ஆஸ்பத்திரியில் அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"ராஜப்பன் என்ன சொல்றார்?"

"இவரு முன்னால போயி வேணும்னே பள்ளத்துப் பக்கம் திருப்பிட்டாராம். போன மாசம் இவரு வெறகு வெட்டினதை இந்த ராஜப்பன் சாருதான் ஃபாரஸ்ட் கார்டுகிட்ட சொல்லிட்டாருங்க. அந்தக் கோபமாம்."

"உன் வீட்டுக்காரர்?"

"இவரைப் பின்னால வரச் சொல்லிட்டு அந்தாளுதான் முன்னால நடந்தாராம். சோறு தின்ன எடம் வரைக்கும் வழி சரியாத்தான் இருந்துதாம். அப்புறம் வலப்பக்கமா ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்களாம். அங்க பள்ளம்ங்கன்னு இவரு கத்தியிருக்காரு. அந்தாளு கழுத்துல மாட்டின ரேடியோவுல கிரிக்கெட்டு கேட்டுக்கிட்டே, பொட்டி பொய் சொல்லாதுன்னு போயிட்டாராம்."

"பொட்டின்னா திசைகாட்டியா?"

"ஆமாங்க."

குப்புராஜ் அதற்குள் டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளப்பியிருந்தான்.

ராஜப்பன் வீட்டில் மேசைமேல் டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு நாளாகத் தூங்காதவர்போல இருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார், மறுபடி திறந்தார்.

"எல்லாம் போலீஸ்ல சொல்லிட்டேன். திசைகாட்டியை அவங்களும் பார்த்துட்டாங்க. சரியா இருக்கு."

"நானும் ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார் ராயம்மாள்.

அவர் அலமாரியைத் திறக்கப் போனவர், பாதியில் திரும்பி வந்து, பாடிக்கொண்டிருந்த டிரான்சிஸ்டரைத் தூக்கிப் பின்கட்டில் வைத்துவிட்டு வந்தார். அங்கிருந்தும் பாட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பிறகு திசைகாட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம். முள் கொஞ்சம் ஆடி, வடக்கே கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்து நின்றது.

"பார்த்தீங்களா. கொண்டைப்பாறை வடக்கே. நான் இதைப் பார்த்து நடந்திருந்தா பள்ளத்துக்கு எப்படிப் போவேன்? அவன் திருப்பினாத்தான் உண்டு."

"மேகம் எப்ப இறங்கிச்சு?"

"லஞ்ச் முடிஞ்சு ரெண்டாவது ஓவர்..." நிறுத்தினார். "ஒரு மணிக்கு மேல இருக்கும்."

வெளியே வந்ததும் குப்புராஜ் தரையை எத்தினான். "போச்சுக்கா. முள்ளு சரியா காட்டுது. பெரியண்ணன் உள்ளதான்."

"முள்ளு இப்ப சரியா காட்டுது. குப்புராஜ், உன் கடையில பால்ரஸ் குண்டு காணாமப் போனா எங்க தேடுவே?"

"ரேடியோ பின்னாலதான். ஸ்பீக்கர் காந்தம் இழுத்து வெச்சுக்கும்." சொன்னவன் அப்படியே நின்றான். "அக்கா."

"முதல்ல ஏட்டைக் கூட்டிட்டு வா. பெரியண்ணனையும் கொண்டுவரச் சொல்லு. ஒரு மணி நேரம் போதும்னு சொல்லு."

ஏட்டுக்கு விருப்பமில்லை. ஆனாலும் ராயம்மாள் கோர்ட்டில் தெரிந்த முகம் என்பதற்காக வந்தார். ராஜப்பன் வீட்டு முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். பெரியண்ணன் சுவர் ஓரமாக, சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு நின்றான். ராணியம்மாள் அவன் பக்கம் போவதா வேண்டாமா என்று இரண்டடி வைத்துத் திரும்பினாள்.

"ராஜப்பன் சார், மலையில வெச்சிருந்த மாதிரி ரேடியோவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு திசைகாட்டியைப் பிடிங்க," என்றார் ராயம்மாள்.

அவர் கை நீட்டவில்லை. குப்புராஜ் உள்ளே ஓடி டிரான்சிஸ்டரையும் திசைகாட்டியையும் எடுத்துவந்து, ரேடியோவைத் தன் கழுத்தில் மாட்டினான். அது இடது மார்பில் தொங்கியது. திசைகாட்டியை அதன் பக்கத்தில் பிடித்தான். கிருஷ்ணகிரி ரோட்டைப் பார்த்திருந்த முள் நடுங்கி, நகர்ந்து, கிழக்கே அரூர்ப் பக்கம் போய் நின்றது.

ஏட்டு குனிந்து பார்த்தார். "ரேடியோவை ஆஃப் பண்ணுப்பா."

குப்புராஜ் அணைத்தான். முள் வடக்கே திரும்பவில்லை.

"அணைச்சாலும் உள்ள இருக்கிற காந்தம் போயிடாது," என்றார் ராயம்மாள். "வடக்குன்னு நம்பிக் கிழக்கே ஒதுங்கியிருக்காங்க. சோறு தின்ன எடம் வரைக்கும் வழி சரி. அதுக்கப்புறம்தான் ஆட்டம் கேட்க ரேடியோ வெளியே வந்திருக்கு. அதுவரைக்கும் எங்க இருந்துச்சு பெரியண்ணா?"

"கிருஷ்ணப்பன் சார் பையிலங்க."

"அப்படின்னா தெரியாம நடந்த விபத்து," என்றார் ஏட்டு. "ரெண்டு பேரையும் குத்தம் சொல்ல முடியாது."

"வழி தப்பினது தெரியாமத்தான். அதுக்கப்புறம் சொன்னது தெரிஞ்சு." ராயம்மாள் குரல் உயரவில்லை. "காலையில திசைகாட்டியைக் கேட்டேன். பாட்டு இடைஞ்சல்னா அணைச்சிருப்பார். அவர் பாடப் பாடத் தூக்கிட்டுப் போய்ப் பின்கட்டுல வெச்சார். அணைச்சாலும் அது முள்ளை இழுக்கும்னு தெரிஞ்ச ஆள்தான் அப்படிச் செய்வார். நீங்க அதை எப்பக் கண்டுபிடிச்சீங்க, சார்?"

ராஜப்பன் முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"கிருஷ்ணப்பனைத் தூக்கக் குனிஞ்சேன். ரேடியோ இடிச்சது. கழட்டிப் பாறைமேல வெச்சேன். கையில இருந்த முள்ளு அப்படியே சுத்திச்சு. அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரி வாசல்ல ஓடி வந்து, யாரு முன்னால போனதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்ல வாய் வரலை. பெரியண்ணன்னு சொல்லிட்டேன். ஒரு தடவை சொன்னப்புறம் மாத்த முடியலை."

"வெறகு விசயம்?" ஏட்டு கேட்டார்.

"நீங்க காரணம் கேட்டீங்க. அது ஞாபகம் வந்துச்சு."

வாசலில் ஒரு மாட்டுவண்டி கடந்து போகும்வரை ஏட்டு காத்திருந்தார். "நீ போலாம்ப்பா," என்றார் பெரியண்ணனிடம். ராஜப்பன் பக்கம் திரும்பி, "நீங்க சட்டையைப் போட்டுக்கிட்டு என்கூட வாங்க," என்றார்.

ராணியம்மாள் சுவர் ஓரம் போய் நின்றாள். "வாங்க, போலாம்," என்று மெதுவாகச் சொன்னாள்.

ராஜப்பன் எழுந்து பெரியண்ணன் எதிரே வந்தார். "பெரியண்ணா, ரெண்டு வார்த்தை திட்டிட்டாவது போப்பா. இப்படிப் பார்க்காதே."

பெரியண்ணன் அவர் முகத்தைப் பார்த்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். அவரைச் சுற்றிக்கொண்டு, மனைவியையும் தாண்டி, வாசலில் இறங்கினான். மலைக்குப் போகும் சாலையில் நடந்து போனான்.